பாருக்குப் போட்ட பந்தல்

தயாபரனுக்கு நீந்தத் தெரியாது. அளம்பில் என்ற கடற்கரை ஊரில் பெண் எடுத்த மனிதருக்கு அது பெருமைப்படக்கூடிய விஷயமல்ல. ஆனால் அவரது தொழிலுக்கு நீச்சல் வேண்டியிருக்கவில்லை. அவர் பந்தல் போடுகிறவர்.

நாயாற்றிலிருந்து முள்ளியவளை வரைக்கும் கலியாணமோ செத்தவீடோ எதுவென்றாலும் முதலில் வந்து நிற்பது அவருடைய லான்ட்மாஸ்ரர், பெட்டி பூட்டிய கை உழவு இயந்திரம். பெட்டியில் இரும்புக் குழாய், தகரம், பிளாஸ்ரிக் கதிரை, சுருட்டிய வலை. கடைசியாகப் போவதும் அதுதான். நடுவில் யார் அழுதார்கள், யார் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும், யாரிடமும் சொல்லமாட்டார். பந்தல்காரனுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. பந்தல் விழுந்தால் மட்டும் பெயர் சொல்லித் தேடுவார்கள். இத்தனை வருடத்தில் அவருடைய பந்தல் ஒன்றுதான் விழுந்தது. அது ஒரு தேர்தல் கூட்டத்துக்குப் போட்டது. பேச்சாளர் வருவதற்கு முன்னமே விழுந்துவிட்டதால் யாருக்கும் சேதமில்லை.

பிறந்தது முத்தையன்கட்டில். தகப்பன் வடமராட்சியிலிருந்து குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வந்து, குளத்துத் தண்ணீரில் நெல் விதைத்தவர். தயாபரனும் வயலோடுதான் இருந்திருக்க வேண்டும். போர் முடிந்த வருடம் செட்டிகுளத்து முகாமில் கொண்டுபோய் விட்டபோது அங்கே வயலும் இல்லை, மரமும் இல்லை. பகலில் கூடாரத்துக்குள் இருந்தால் அவிய வேண்டும், வெளியில் இருந்தால் கருக வேண்டும். அவர் நாலைந்து தறப்பாளைச் சேர்த்துக் கட்டி, இரண்டு கூடாரங்களுக்கு நடுவே காற்றுப் போகிற மாதிரி உயர்த்தி ஒரு நிழல் செய்தார். அடுத்த வரிசைச் சனம் வந்து பார்த்துவிட்டுத் தங்களுக்கும் கட்டித் தரச் சொன்னது. மீளக் குடியேறிய பிறகு அவரைத் தேடிக் கூப்பிட்டதும் அதே சனம்தான். முதல் வேலை ஒரு செத்தவீடு. அப்படியே அது தொழிலாகிவிட்டது. வெயிலைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு கொள்கை இருந்தது. வெயிலோடு வாதாட முடியாது, இடையில் ஒரு துணி போடலாம்.

இரண்டாயிரத்து இருபத்து நான்காம் ஆண்டு சித்திரையில் அந்தத் துணிக்கும் வேலை கூடிப்போனது. காற்று நின்றுவிட்டது. தார் வீதியில் செருப்பு ஒட்டியது. கடல் ஒரு நெளிவும் இல்லாமல் தட்டுப் போலக் கிடந்தது. அவர் மனைவி விமலேஸ்வரியின் தம்பி கிருசாந்தன் கடலட்டை பிடிக்க மூழ்கிக் குளிக்கிறவன், முப்பது வயது தாண்டியவன். ஒரு மத்தியானம் ஈர உடுப்போடு குசினி வாசலில் வந்து குந்தி, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னான்.

"அத்தான், பார் வெளுத்துப் போச்சு."

பார் என்றால் கடலுக்கடியில் கிடக்கிற கல்லுத் திட்டு. கரையிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில், நடுவே பள்ளமும் சுற்றிவர உயரமுமாய் ஒன்று இருக்கிறது. ஊரார் அதைச் சட்டிப்பார் என்பார்கள். முருகைக்கல், அதாவது பவளப்பாறை, வளர்ந்து மூடிய இடம். கிருசாந்தனின் கணக்கில் அதன் நிறம் தேன், பழுப்பு, ஊதா. இப்போது முழுக்கச் சுண்ணாம்பு அடித்த மதில் மாதிரி ஆகிவிட்டது. தண்ணீரும் சுடுகிறது, கஞ்சிக்குள் தலையைக் கொடுத்த மாதிரி என்றான். கைப்பேசியை ஒரு பிளாஸ்ரிக் பைக்குள் போட்டுக் கொண்டுபோய் எடுத்த படத்தையும் காட்டினான். தயாபரன் படத்தைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டார்.

பாரைப் பார்க்க அந்தக் கிழமையே சுதாஜினி என்ற பிள்ளை வந்தாள். கடலைப் பற்றிப் படித்து, ஆராய்ச்சிக்காகக் கரை கரையாகத் திரிகிறவள். ஊர் பளை. கிருசாந்தனின் படகில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, விமலேஸ்வரி போட்ட சோற்றைச் சாப்பிட்டபடி விஷயத்தை விளங்கப்படுத்தினாள். முருகைக்கல் கல் இல்லை, உயிர். அதன் தோலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெயிலைப் பிடித்து அந்தப் பாசி சமைத்துப் போட, கல் தின்று வாழ்கிறது. நிறமும் பாசியின் நிறம்தான். தண்ணீர் அளவுக்கு மேல் சுட்டால் கல் அந்தப் பாசியைத் துப்பிவிடும். வெளுத்தது செத்ததல்ல, பட்டினி கிடக்கிறது. தண்ணீர் கெதியில் ஆறினால் பாசி திரும்பி வரும். ஆறாவிட்டால் செத்து, மேலே வேறு அழுக்குப் பாசி படர்ந்து, மீன் விலகி, கடைசியில் அலை உடைத்துப் பொடியாக்கிவிடும். இந்த வருடம் உலகம் முழுக்க இப்படித்தான் நடக்கிறது என்றாள். எண்ணெயும் கரியும் எரிக்கிற புகை வானத்தில் போர்வை மாதிரி நின்று சூட்டைப் பிடித்து வைக்கிறது, அதில் பெரும்பங்கைக் கடல்தான் வாங்கிக்கொள்கிறது. சூட்டோடு உச்சி வெயிலும் நேரே விழுந்தால் கல்லுக்கு இரட்டை அடி.

தயாபரன் அதுவரை வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார்.

"வெயிலும் ஒரு காரணமெண்டா, நிழல் போட்டா என்ன, பிள்ளை?"

சுதாஜினி சிரிக்கவில்லை. வேறு நாடுகளில் சின்ன இடங்களில் செய்து பார்த்திருக்கிறார்கள், கொஞ்சம் பலன் இருந்திருக்கிறது என்றாள். ஆனால் கடல் பெரியது, நிழல் தண்ணீரைக் குளிர வைக்காது, அடியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். தயாபரன் தலையாட்டினார். அவருக்கு அது புதிதாகப் படவில்லை. எந்தப் பந்தலும் அதைத்தான் செய்கிறது.

அடுத்த நாள் அவர் கடலுக்குப் போனார். லைஃப் ஜக்கற் போட்டு, அதன் மேல் கயிறும் கட்டி, கயிற்றின் மற்ற நுனியைப் படகில் கட்டியிருந்தார். அலையே இல்லாத கடலில் போகும்போது ஒரு தடவையும் நின்றபோது ஒரு தடவையும் குமட்டிச் சத்தி எடுத்தார். அடியில் கண்ணாடி பதித்த வாளியைத் தண்ணீரில் அமுக்கி அதற்குள் பார்த்தார். அடி முழுக்க வெள்ளை. கிளை கிளையாய், உருண்டை உருண்டையாய். போருக்குப் பிறகு அந்தக் கரையில் வெள்ளையாக எதையாவது கண்டால் அவர் உற்றுப் பார்ப்பதில்லை. இதை உற்றுப் பார்த்தார். பிறகு நீளம் அகலத்தைக் கண்ணால் அளந்து, சூரியன் எந்தப் பக்கத்தால் ஏறுகிறது என்று கிருசாந்தனிடம் கேட்டார். கிருசாந்தன் கிழக்கால் என்றான். அது தனக்கும் தெரியும், இங்கிருந்து பார்க்க எந்தப் பக்கம் என்றுதான் கேட்டதாகச் சொன்னார்.

விமலேஸ்வரிக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. வைகாசி முழுக்கக் கலியாணம், இருக்கிற பந்தலே காணாது.

"இஞ்சேருங்கோ, சனம் என்ன கதைக்கும்? மீனுக்குப் பந்தல் போடுறான் எண்டு சிரிக்காதோ?"

"மீனுக்கில்லை. கல்லுக்கு."

அந்தத் திருத்தம் அவளை ஆறுதல்படுத்தவில்லை.

சுதாஜினியிடம் தொலைபேசியில் கேட்டபோது அவள் சில கட்டளைகள் போட்டாள். பாரில் ஒரு குழாயும் ஊன்றக்கூடாது, கல்லில் கயிறு கட்டக்கூடாது. வலை மெல்லியதாக இருக்க வேண்டும். முழு இருட்டானால், மிஞ்சிய பாசிக்கும் வெயில் கிடைக்காமல் கல் செத்துவிடும். தண்ணீர் ஓட்டத்தை மறிக்கக்கூடாது. அனுமதியும் அவளே கேட்டாள். பொறுப்பான உத்தியோகத்தர் யோசித்துவிட்டு, கடலில் பந்தல் போடுவது பற்றித் தன்னிடம் சட்டம் எதுவும் இல்லை என்றும், சிவப்புக் கொடி கட்டும்படியும், மாரிக்கு முன்னர் கழற்றிவிடும்படியும் சொன்னார். தயாபரனுக்கு இவையெல்லாம் பழகியவை. கோயில் வீதியில் பந்தல் போட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

பிளாஸ்ரிக் குழாயைச் சட்டமாகப் பொருத்தி, வலை மிதப்புகளைக் கட்டி, மேலே நாற்றுமேடைக்குப் போடுகிற பச்சை நிழல்வலையை இழுத்தார். அவரிடம் இருந்ததில் நல்ல வலை அதுதான். பாரைச் சுற்றியிருந்த மணலில் மண்மூட்டைகளை இறக்கி அவற்றில் கயிற்றைக் கட்டினார்கள். மண்மூட்டை கட்ட, போரைப் பார்த்த அந்த ஊரில் யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. கிருசாந்தனும் அவனுடைய கூட்டாளிகளும் ஒரு காலையில் எல்லாவற்றையும் முடித்தார்கள். தயாபரன் படகிலிருந்து கையைக் காட்டிக் காட்டி, இடையிடையே சத்தி எடுத்து, வேலையை நடத்தினார்.

முதல் நாள் பந்தல் நீரோட்டத்தில் தெற்கே நகர்ந்து போய், பொழுதுபடும் வரைக்கும் வெறும் மணலுக்கு நல்ல நிழல் கொடுத்தது. இரண்டாம் தரம் கயிற்றை நாலு பக்கமும் இறுக்கினார்கள். அப்போது காலை நிழல் மேற்கே போய் விழுந்து, உச்சியில் மட்டும் சரியாக இருந்தது. உச்சிதான் முக்கியம் என்று சுதாஜினி சொன்னதால் அதை அப்படியே விட்டார்கள். கடற்படைப் படகு ஒன்று வந்து, இது என்ன என்று கேட்டது. கிருசாந்தன் தனக்குத் தெரிந்த சிங்களத்தில், கல்லுக்கு வெயில் கூடாது என்றான். அவர்கள் ஒரு படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

பந்தல் சரியாக நின்றது. அதற்குப் பிறகுதான் பிழை நடந்தது.

கடலில் எந்த நிழல் மிதந்தாலும் அதன் கீழ் மீன் கூடும். இது கரையில் எல்லோருக்கும் தெரியும். முத்தையன்கட்டில் பிறந்தவருக்குத் தெரியவில்லை. தெரிந்த கிருசாந்தனோ யோசிக்கவில்லை. சில நாளில் பச்சை வலையின் கீழ் மீன் குவிந்தது. மீன் குவிந்ததும் படகுகள் வந்தன. பந்தலுக்குப் பக்கத்தில் நின்று தூண்டில் போட வசதி என்று நங்கூரத்தைத் தூக்கிப் பாரின் மேலேயே எறிந்தார்கள். ஒரு காலை கிருசாந்தன் குளித்துவிட்டு வந்து, உடைந்த கிளை ஒன்றைத் தயாபரன் முன்னால் வைத்தான். ஏதோ இடுக்கில் வெயிலுக்குத் தப்பிப் பழுப்பு நிறம் மாறாமல் நின்ற கிளை. இரும்பு பட்டு முறிந்திருந்தது. நிழலுக்குக் கீழே இப்படி எத்தனையோ கிடக்கிறது என்றான்.

தயாபரன் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்று முழுக்க அவர் வேலைக்குப் போகவில்லை. பந்தலைக் கழற்றிவிட்டால் படகு வராது, ஆனால் வெயில் வரும். வைத்திருந்தால் வெயில் குறையும், படகு வரும். தான் போட்ட நிழல் இன்னொன்றை உடைக்கும் என்று அவர் வாழ்க்கையில் நினைத்துப் பார்த்ததில்லை. விமலேஸ்வரி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்து, ஆறிப்போனதும் எடுத்துக்கொண்டு போனாள்.

வந்த படகுகளில் பாதி ஐயாத்துரையுடையவை. அவர்தான் மீனவர் சங்கத்தின் தலைவரும். தயாபரன் சங்கக் கட்டடத்துக்குப் போய், பாரின் மேல் நங்கூரம் போட வேண்டாம் என்று கேட்டார். ஐயாத்துரை மரியாதையாகக் கதிரை கொடுத்து, மரியாதையாகக் கேட்டு, கடலில் நங்கூரம் போடாமல் வேறு எங்கே போடுவது என்று மரியாதையாகவே கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். தயாபரன் எழுந்து வந்துவிட்டார்.

அந்த மாதமே ஐயாத்துரையின் பேத்தி பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு. பந்தலுக்குத் தயாபரனிடம்தான் ஆள் வந்தது. அவர் மறுக்கவில்லை. குறித்த நாளில் குழாய், கதிரை எல்லாம் கொண்டுபோய் இறக்கினார். ஆனால் மேலே இழுத்தது பழைய கறுப்புத் தறப்பாள். வேறு இல்லை. பழிவாங்குகிற எண்ணம் அவருக்கு இருந்ததா என்று பிறகு விமலேஸ்வரி கேட்டபோது, நல்ல வலை கடலில் நிற்கும்போது தான் என்ன செய்வது என்று திருப்பிக் கேட்டார்.

உச்சி நேரம் தறப்பாளின் கீழ் அடுப்புக்குள் இருக்கிற மாதிரி இருந்தது. ஆராத்தி எடுக்க வந்த பெண்களின் பொட்டுக் கரைந்து ஓடியது. ஓமந்தையிலிருந்து வந்த ஒரு கிழவர் சால்வையை உதறி உதறி விசிறினார். மின்விசிறிகள் சுடுகாற்றையே சுற்றிச் சுற்றி அடித்தன. ஐயாத்துரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"என்ன தயாபரன், பச்சை வலை எங்க?"

"வேலையில நிக்குது, அண்ணை."

"ஆருக்கு?"

"பாருக்கு."

ஓமந்தைக் கிழவர் நிமிர்ந்தார். "எந்தப் பாருக்கு? புதுசாத் திறந்ததுக்கோ?"

சாராயக்கடையில்லை, கடலுக்கடியில் இருக்கிற பார் என்று யாரோ சொன்னார்கள். அதற்கு எதற்குப் பந்தல் என்று கிழவர் கேட்டார். தயாபரனுக்கு நீட்டிக் கதைத்துப் பழக்கமில்லை. ஆனாலும் கிழவர் விடவில்லை. தயாபரன் சொன்னது இவ்வளவுதான்:

"அதுவும் உயிர்தான், ஐயா. இப்ப எங்களுக்கு இருக்கிற மாதிரித்தான் அதுக்கும் இருக்கு. நாங்கள் எழும்பிப் போய் வேப்பமரத்துக்குக் கீழ நிக்கலாம். அது ஒட்டிக்கொண்டு கிடக்கு. எழும்ப ஏலாது."

கிழவர் தறப்பாளை அண்ணாந்து பார்த்தார். பிறகு எழுந்து, கதிரையையும் தூக்கிக்கொண்டு வேப்பமரத்துக்குப் போனார். ஒவ்வொருவராக மற்றவர்களும் போனார்கள். பந்தல் வெறுமையாக நின்றது. ஐயாத்துரை அதன் நடுவில் வியர்வையோடு நின்று, கடலட்டைக்காரன் கிருசாந்தனைக் கூப்பிட்டு, உண்மையாகவே உடைகிறதா என்று விசாரித்தார். ஓம், நீங்கள் எறிகிற நங்கூரம்தான் என்றான் அவன். சாமத்தியவீட்டில் சண்டை பிடிக்கக்கூடாது என்பதால் ஐயாத்துரையும் வேப்பமரத்துப் பக்கம் நடந்தார்.

அடுத்த கிழமை தயாபரன் இன்னொரு வேலை செய்தார். பாருக்கு வெளியே வெறும் மணலில் சில மண்மூட்டைகளை இறக்கி, கயிறு ஏற்றி, மேலே வெற்றுப் பிளாஸ்ரிக் கான்களை மிதக்கவிட்டார். படகு கட்ட விரும்புகிறவர்கள் கானில் கட்டலாம். ஐயாத்துரையின் படகுகள் முதலில் கட்டின. அவர் மனம் மாறிவிட்டார் என்று சிலர் சொன்னார்கள். கிருசாந்தனின் விளக்கம் வேறு. பாரில் போட்ட நங்கூரம் கல்லில் சிக்கினால் இழுத்தெடுக்க இடுப்பு முறியும், கானில் கட்டினால் அவிழ்த்துவிட்டு வரலாம். எதுவாயிருந்தாலும் பிறகு மற்றப் படகுகளும் கட்டின. கிருசாந்தன் தன் பங்குக்குச் சட்டிப்பாரில் கிளிமீன் குத்துவதை விட்டான். கல்லின் மேல் படர்கிற பாசியை அந்த மீன்தான் சுரண்டித் தின்கிறது, அது இல்லாவிட்டால் புதுக் கல் ஒட்டி வளர இடமில்லை என்று சுதாஜினி சொல்லியிருந்தாள். அவனுக்குப் பிடித்த மீன் அது. இப்போதும் கதை வந்தால் அதன் பொரியலைப் பற்றி ஒரு பாட்டம் சொல்வான்.

ஆனி மாதம் காற்று எழும்பி, கடல் கலங்கி, தண்ணீர் மெல்ல ஆறியது. சுதாஜினி வந்து குளித்துப் பார்த்தாள். நிழலின் கீழ் இருந்ததில் பாதிக்குக் கிட்டத் திரும்ப நிறம் பிடிக்கத் தொடங்கியிருந்தது. மிச்சம் நிழல் இருந்தும் செத்துவிட்டது. வெளியே செத்தது அதைவிட அதிகம்; சாம்பல் நிறப் பாசி மூடியிருந்தது. ஆனால் வடக்கு மூலையில், யாரும் நிழல் போடாத இடத்தில், உருண்டைக் கற்கள் சில தாங்களாகவே பிழைத்திருந்தன. ஏன் என்று தயாபரன் கேட்டார். தனக்கும் தெரியாது, அதைத்தான் இனிப் பார்க்க வேண்டும் என்றாள். அவள் அப்படிச் சொன்னது அவருக்குப் பிடித்திருந்தது.

"ஐயா, நான் ஒண்டு சொல்லுறன், குறை நினைக்காதேங்கோ. இது ஒரு கலியாண வீட்டு முற்றத்தளவு இடம். புகை குறையாட்டி, இப்பிடி அடிக்கடி சுடும். ஒவ்வொருமுறையும் பந்தல் போட்டுக் கடலை மூட ஏலாது."

தயாபரன் லான்ட்மாஸ்ரர் பெட்டியில் கிடந்த ஜெனரேற்றரைப் பார்த்தார். கலியாண வீடுகளில் பட்டப்பகலிலேயே சோடனை விளக்குகள் எரிவதற்காக அது காலையிலிருந்து டீசல் குடித்துப் புகைவிடும்.

"இதை நிப்பாட்டினா கடல் குளிருமோ?"

"குளிராது."

"ம்."

ஆனாலும் நிற்பாட்டினார். பகலில் சோடனை விளக்கு எரியாது என்று பந்தல் கேட்டு வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவார். மின்சாரம் நின்றால், சமையலுக்கும் ஐயரின் ஒலிவாங்கிக்கும் மட்டும் ஜெனரேற்றர் போடுவார். சிலர் வேறு ஆளிடம் போனார்கள். படம் எடுக்கிறவர்கள் அவரை வைதார்கள். அவர் ஒருவர் செய்வதால் என்ன ஆகும் என்று வேறு சிலர் கேட்டார்கள். ஒன்றும் ஆகாது போலத்தான் இருக்கு, ஆனால் அந்தக் கல்லை நான் பார்த்துவிட்டேன் என்பார். கேட்டவர்கள் இதைப் பதிலாக எடுப்பதா விடுவதா என்று யோசித்தபடி போவார்கள்.

மாரிக்கு முன்னர் பந்தலைக் கழற்றினார்கள். வலையில் சிப்பியும் பாசியும் ஒட்டி, ஊரே மூக்கைப் பொத்துகிற நாற்றம். இனி அதை எந்தக் கலியாணத்துக்கும் போட முடியாது. விமலேஸ்வரி வேலிக்கு வெளியே அதை விரித்துக் காயப்போட்டு, கிழிந்த இடங்களை ஒவ்வொன்றாகத் தைத்தாள். அவளை யாரும் தைக்கச் சொல்லவில்லை. தெருவால் போன ஒருத்தி, என்ன விசேஷத்துக்கு என்று கேட்டபோது, சித்திரைக்கு, கடலில என்று மட்டும் சொல்லிவிட்டு ஊசியில் நூலைக் கோத்தாள்.

அடுத்த சித்திரையில் சுதாஜினி கிழமைக்கு ஒருதரம் தொலைபேசியில் கடலின் சூட்டைச் சொன்னாள். தயாபரன் மண்மூட்டைகளைக் கட்டி அடுக்கி வைத்திருந்தார். சூடு ஏறியது, பிறகு இரண்டு மூன்று நாள் எதிர்பாராத மழை பெய்தது, சூடு இறங்கியது. இந்த முறை பந்தல் தேவையில்லை போலிருக்கிறது என்றாள். நல்லது பிள்ளை, நல்லது என்று சொல்லிப் போனை வைத்தார். அவருடைய முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்ததாக விமலேஸ்வரி பிறகு தம்பியிடம் சொன்னாள்.

என்றாலும் ஒருநாள் காலையில் கிருசாந்தனோடு போய்ப் பார்த்தார். படகைக் கானில் கட்டினார்கள். வாளிக்குள் நெடுநேரம் பார்த்தார். செத்த கல்லின் விளிம்பில் பெருவிரல் நகத்தளவில் ஊதா நிறமாய் ஏதோ ஒட்டியிருந்தது. முருகைக்கல்லா, வேறு அழுக்கா என்று அவருக்குத் தெரியவில்லை. கிருசாந்தன் குளித்துப் பார்க்கட்டுமா என்று கேட்டான். வேண்டாம், தொடாதே, அது இருக்கட்டும் என்றார். பிறகு கரைக்கு விடச் சொன்னார். பின்னேரம் சிலாவத்தையில் ஒரு செத்தவீடு இருந்தது. பிரேதம் வருவதற்கு முன்னர் பந்தல் நிற்க வேண்டும்.